அம்மா வாகு

பிறந்து நான்கு மணி நேரம்கூட ஆகாத குழந்தையைச் சுற்றி நின்றுகொண்டு உறவுக்காரர்கள் பாகப்பிரிவினை செய்வதைப் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. மூக்கு அப்பா வீட்டுக்கு. நெற்றி அம்மா வீட்டுக்கு. காது கொஞ்சம் விடைத்திருந்தால் அது நிச்சயம் எதிர்க்கட்சிக்கு. தொண்டை கிழிய அழுதால் அத்தை. அழாமல் கிடந்தால் அப்படியே சித்தப்பா. அந்தச் சித்தப்பா நாற்பது வயதிலும் வேலைவெட்டி இல்லாமல் அப்படியேதான் கிடக்கிறார் என்பது வேறு விஷயம். தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்று ஒரு பழமொழி கையில் இருந்துவிட்டால் ஆராய்ச்சிக்கூடமே தேவையில்லை.

கடுகு பிறந்த அன்றும் கூட்டம் கூடியது. இரண்டு கிலோ இருநூறு கிராம். பிரித்துக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒருவர் துணியை விலக்கிப் பார்த்து, "உடம்பு அம்மா வாகு" என்றார். அவ்வளவுதான், பத்திரம் பதிவாகிவிட்டது. அவளைவிட மூன்று வயது மூத்த அண்ணன் அப்போதே வயதுக்கு மீறிய உயரம். அவன் தாய்மாமன் வாகு என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அவனுக்கு நெட்டை என்று பெயர் விழுந்தது, இவளுக்குக் கடுகு என்று. பள்ளிச் சான்றிதழில் இரண்டு பேருக்கும் நல்ல பெயர்கள் இருந்தன. அவை சான்றிதழோடு சரி.

அந்த வாகுக்குச் சொந்தக்காரியான அம்மா நூற்று நாற்பத்தேழு சென்டிமீட்டர். அதை அவளே சொல்லுவாள், நாற்பத்தேழு புள்ளி பூஜ்யம் என்று தசமத்தோடு. ஏனென்றால் அளப்பதுதான் அவள் பிழைப்பு. ஊருக்கு வெளியே இருக்கும் விதை ஆராய்ச்சிப் பண்ணையில் பதினெட்டு வருஷமாக மக்காச்சோளச் செடிகளின் உயரத்தை அளந்து எழுதுகிறாள். சம்பளப் பட்டியலில் அவளுடைய பதவிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. பண்ணையில் எல்லாருக்கும் அவள் அளவுக்காரி. காலை ஏழு மணிக்குக் கம்பும் பலகையுமாக வரப்பில் இறங்கினால், வெயில் ஏறி இலை துவள்வதற்குள் முந்நூறு செடி முடித்துவிடுவாள். அரை சென்டிமீட்டர் கூட்டியோ குறைத்தோ எழுதினாள் என்று அவளை எதிரிகூடச் சொன்னதில்லை.

ஒரு பருவத்தில் புதிதாக வந்த அதிகாரி ஒருவர் ஏழாம் எண் ரகத்தின் முன்னால் நின்று உருகிப்போனார்.

"என்ன வளர்ச்சி பாருங்க. ரத்தம் பேசுது."

"செடிக்கு ரத்தம் இல்ல சார்" என்றாள் அளவுக்காரி. "அந்தப் பக்கம் குழாய் ஒழுகுது."

"எல்லாம் ஒரே வயல்தானே?"

"ஒரே வயல்னா ஒரே மண்ணா சார்? இந்த ஓரத்துல குழாய் ஒழுகுது, அந்த ஓரத்துல லாரி திரும்புது. ஒரு ரகத்தை ஒரே இடத்துல போட்டா, நாம பாக்கிறது ரகத்தையா இடத்தையான்னு சாமிக்கே தெரியாது. நாலு இடத்துல பிரிச்சுப் போடுங்க."

பிரித்துப் போட்டார்கள். அடுத்த பருவத்தில் ஏழாம் ரகம் மற்ற ரகங்களோடு தோளோடு தோள் நின்றது. அதிகாரி இதைத் தன்னுடைய கண்டுபிடிப்பாக எழுதி அனுப்பிப் பாராட்டும் வாங்கினார். அளவுக்காரிக்கு வருத்தமில்லை. ஆனால் அன்று முதல் அவர் சந்தேகம் கேட்க அவளிடம்தான் வருவார். ஒருநாள், ஒரு செடியின் உயரத்தில் விதையின் பங்கு எவ்வளவு, மண்ணின் பங்கு எவ்வளவு என்று கேட்டார்.

"வயல் முழுக்க அளந்துட்டு, செடிக்குச் செடி இருக்கிற வித்தியாசத்துல எவ்வளவு விதையால, எவ்வளவு மண்ணாலன்னு கேளுங்க, சொல்லலாம். அதுவும் இந்த வயலுக்கு, இந்த வருஷத்துக்கு. ஒத்தைச் செடியப் புடிச்சுக்கிட்டு கேட்டா, கைதட்டின சத்தத்துல வலது கைக்கு எவ்வளவு, இடது கைக்கு எவ்வளவுன்னு கேக்கிற மாதிரி சார்."

இவ்வளவு தெரிந்தவள்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லிவைக்கவில்லை.

கடுகுக்கு இப்போது பதினோரு வயது. இரண்டு வருஷமாக அவளுக்கு ஒரே பைத்தியம், கைப்பந்து. குடியிருப்பின் பின்சுவரில் ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் பந்தை அடித்து அடித்துக் கீழ்வீட்டுக்காரரின் மதியத் தூக்கத்தை நிரந்தரமாக ஒழித்திருந்தாள். நகரத்தின் மறுகோடியில் விளையாட்டு விடுதிப் பள்ளி ஒன்று இருந்தது. பதினோரு வயதில் சேர்த்துக்கொண்டு ஆறு வருஷம் தங்க வைத்துப் படிப்பும் ஆட்டமும் சொல்லிக்கொடுப்பார்கள். பன்னிரண்டு ஆகிவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் இந்த வருஷம் விட்டால் கிடையாது.

ஓட்டத்தில் தேறினாள். தாவலில் இருந்த நாற்பது பிள்ளைகளில் இரண்டாவதாக வந்தாள். பந்தாட்டத்தில் அவளுக்கு எதிரே நின்ற பெண் ஒரு சாண் உயரம் அதிகம்; பாவம், கடைசியில் அழுதாள். இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி என்று கடிதம் வந்தது: பெற்றோர் அளவு. தாயும் தந்தையும் நேரில் வந்து உயரம் காட்ட வேண்டும். அவர்கள் உயரத்தைக் கொண்டு பிள்ளை எதிர்காலத்தில் எவ்வளவு வளரும் என்று கணிப்பார்களாம். ஜோசியர்கள் கட்டம் போட்டுச் செய்ததை இவர்கள் டேப் போட்டுச் செய்கிறார்கள், அவ்வளவே வித்தியாசம்.

கடுகின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். நூற்று அறுபத்து மூன்று சென்டிமீட்டர் மனிதர். ஊரில் உள்ள உயரமானவர்களையெல்லாம் இன்னும் உயரத்துக்கு ஏற்றி இறக்குவது அவர் வேலை. கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு அவர் ஒரு யோசனை சொன்னார்.

"உங்க அண்ணனைக் கூப்பிடுவோம். மச்சான் நூத்தி எண்பது இருப்பார். அவர் அப்பான்னு நிக்கட்டும்."

"அப்ப நீங்க யாருன்னு நிப்பீங்க?"

"நான் டிரைவர்னு சொல்லிட்டு வெளியில நிக்கிறேன்."

"பதினெட்டு வருஷத்துல ஒரு செடியோட அளவை மாத்தி எழுதினதில்ல" என்றாள் அளவுக்காரி. "நீங்க புருஷனையே மாத்தி எழுதச் சொல்றீங்க."

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுன்னு அங்க போய்ச் சொன்னா எடுத்துக்குவாங்களா? யோசிச்சுப் பாரு" என்றார் அவர், கோபித்துக்கொள்ளாமல்.

அவள் யோசித்துத்தான் வைத்திருந்தாள். பொய் சொல்லத் தேவையில்லை, அண்ணனே அவளுக்குச் சாட்சி. அண்ணனும் அவளும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அப்பா வேலை பார்த்த ஆலை மூடிக்கிடந்த காலத்தில், அண்ணனை மூன்று வயதில் பெரியம்மா தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை, பாலும் முட்டையும் இருந்தன. அவள் பிறந்தது அதற்கு அடுத்த வருஷம். அவள் வீட்டில் பிள்ளை இருந்தது, மற்றது இல்லை. அண்ணன் நூற்று எண்பதுக்குப் போனான். அவள் நூற்று நாற்பத்தேழோடு நின்றாள். உறவில் எல்லாரும், அவன் அப்பா வழி, நீ அம்மா வழி என்று சொல்லித் தேற்றினார்கள். அவளும் வேலைக்குச் சேர்ந்து நாலு செடியை அளக்கும்வரை அதை நம்பிக்கொண்டிருந்தாள்.

ஆக, அவளுடைய உயரம் அவள் ரத்தத்தின் உயரம் அல்ல, வீட்டுச் சட்டியின் உயரம். அதைக் கொண்டு கடுகை அளப்பது தப்பு. இதைப் போய்ச் சொன்னால் போதும், படித்தவர்கள், புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தாள். படித்தவர்களைப் பற்றி அவளுக்கு இன்னும் நல்ல எண்ணம் மிச்சமிருந்தது.

காலை எட்டு மணிக்கே பள்ளியின் நடைகூடம் நிறைந்திருந்தது. மனிதர்கள் காலையில் கொஞ்சம் உயரமாகவும் மாலையில் கொஞ்சம் குட்டையாகவும் இருப்பார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அது உண்மைதான்; ஆனால் அதற்காக ஒரு தகப்பன் பெஞ்சின்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, "நான் எழுந்திரிக்க மாட்டேன், கூப்பிடும்போது சொல்லு" என்று அடம்பிடித்ததை எதில் சேர்ப்பது? ஒரு தாய் கொண்டையைக் கோபுரமாகக் கட்டியிருந்தாள். தடித்த அடி வைத்த பூட்ஸோடு மிடுக்காக வந்த ஒருவர், கழற்றச் சொன்னதும் உயரத்தில் நாலு விரற்கடை இறங்கிப்போனார். அவர் மனைவி அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கடுகின் அப்பா தன் சாதாரணச் செருப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

கடுகு மட்டும் எதையும் கவனிக்கவில்லை. சன்னலுக்கு வெளியே மைதானத்தில் பெரிய பெண்கள் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கைகள் மடியிலேயே அவர்களோடு அடித்துக்கொண்டிருந்தன.

"அம்மா, எனக்கு மேல்கட்டில் கிடைக்குமா கீழ்க்கட்டிலா?"

"முதல்ல இடம் கிடைக்கட்டும்" என்றாள் அளவுக்காரி.

உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தேர்வாளர். நூற்று ஐம்பத்தெட்டுக்கு மேல் ஒரு மயிரிழைகூட இருக்காது என்று அளவுக்காரி கண்ணாலேயே அளந்தாள். உயரத்தைக் கட்டிக் காக்கும் பொறுப்பு எப்போதும் இப்படிப்பட்டவர் கையில்தான் போய்ச் சேரும். இன்னொருவர் எழுத்தர் அம்மாள். பதினான்கு கட்டமுள்ள படிவத்தை அன்று காலையிலிருந்து நிரப்பி நிரப்பி உலகத்தின்மேல் பற்று விட்டுப்போன முகம். சுவரில் பெரிய பலகை: பதினாறு ஆண்டுகள், எங்கள் கணிப்பு ஒருமுறையும் பொய்த்ததில்லை.

தேர்வாளர் டேப்பைச் சுவரில் ஒட்டியிருந்தார். வந்தவர்கள் தலையில் அவர் அளவுப் பலகையை வைத்து அழுத்திய விதம் அளவுக்காரிக்குப் பிடித்திருந்தது, சரியாகத்தான் அளந்தார். குறை அளவில் இல்லை, அதற்குப் பிறகு நடந்ததில் இருந்தது.

"அப்பா நூத்தி அறுபத்து மூணு. அம்மா நூத்தி நாப்பத்தேழு. கூட்டி, பாதியாக்கினா நூத்தி அம்பத்தஞ்சு. பொண்ணுன்னா அதுல ஆறரை கழிக்கணும். நூத்தி நாப்பத்தெட்டரை." பேனாவை மூடினார். "எங்களுக்கு நூத்தி அறுபத்தெட்டாவது வேணும்மா. நல்லா ஆடறா, இல்லன்னு சொல்லல. அடுத்தவங்களை வரச் சொல்லுங்க."

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் அளவுக்காரி. "அந்தப் பலகையில கணிப்பு பொய்த்ததில்லைன்னு போட்டிருக்கு. அது எப்படித் தெரியும்?"

"நாங்க எடுத்த பிள்ளைங்க எல்லாருமே சொன்ன உயரத்துக்கு வளர்ந்திருக்காங்க. பதினாறு வருஷ ரெக்கார்டு இருக்கு."

"எடுக்காத பிள்ளைங்க?"

"எடுக்காதவங்களை எதுக்கும்மா அளக்கணும்?"

"அவங்கள்லயும் நாலு பேர் வளர்ந்திருந்தா?"

தேர்வாளர் இப்படி ஒரு கேள்வியைப் பதினாறு வருஷத்தில் சந்தித்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எழுத்தர் அம்மாள் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள்.

"எடுத்த பிள்ளைங்களுக்கு இங்க என்ன சாப்பாடு சார்?"

இது அவருக்குப் பிடித்த கேள்வி. "காலையில அரை லிட்டர் பால், ரெண்டு முட்டை. மதியம் இறைச்சி. சாயங்காலம் பழம். ஒன்பது மணிக்குத் தூக்கம். ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை டாக்டர்."

"ஆறு வருஷமும்?"

"ஆறு வருஷமும்."

"அப்ப பிள்ளைங்க வளர்ந்தது உங்க ஃபார்முலாவாலயா, உங்க சமையல்காரராலயா?"

எழுத்தர் அம்மாளுக்கு இருமல் வந்தது. சிரிப்பை இருமலாக மாற்றும் கலை அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத் தானாக வந்துவிடும். கடுகின் அப்பா மனைவியைப் பெருமையோடு பார்த்தார். அவளுக்குச் சூடு பிடித்துவிட்டது. அண்ணன் கதையைச் சொன்னாள். ஒரே வயிறு, இரண்டு வீடு, முப்பத்து மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம். ஆணுக்குப் பெண் வித்தியாசம் என்று பதிமூன்றைக் கழித்தாலும் இருபது மிஞ்சுகிறது. அந்த இருபதுக்கு எந்த ரத்தத்தைக் காரணம் சொல்லுவீர்கள் என்று கேட்டாள்.

தேர்வாளர் கெட்டவர் அல்ல. பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"சரிம்மா, நீங்க சொல்றதையே வெச்சுக்குவோம். உங்களுக்கு வேற பிள்ளை இருக்கா?"

"பையன் இருக்கான் சார். பதினாலு வயசு, நூத்தி எழுபது" என்றாள் உற்சாகமாக. "உங்க ஃபார்முலாப்படி அவன் வளர்ந்து முடிச்சாலே நூத்தி அறுபத்தொண்ணரைதான் வரணும். இப்பவே தாண்டிட்டான்."

"அப்படியா. அவனுக்கு ஆட வருமா?"

"பந்து மூஞ்சிக்கு நேரா வந்தா கண்ணை மூடிக்குவான் சார்."

"கத்துக்குடுத்தா வந்துடும்" என்று முணுமுணுத்துவிட்டு, "இந்தப் பொண்ணு வயசுல அவன் எவ்வளவு இருந்தான்?" என்றார்.

"நூத்தி அம்பது."

"பொண்ணு இப்ப நூத்தி முப்பத்து ரெண்டு. பதினோரு வயசுல பொண்ணுங்கதான் பையன்களை முந்திக்கிட்டு இருப்பாங்க. இங்க பதினெட்டு சென்டிமீட்டர் பின்னாடி நிக்கிறா." மேசையில் இரண்டு விரலை ஊன்றினார், ஒன்று உயரமாக, ஒன்று குட்டையாக. "நீங்களும் அண்ணனும் ரெண்டு வீட்ல வளர்ந்தீங்க. அதனால வித்தியாசம், ஒத்துக்கிறேன். ஆனா இவங்க ரெண்டு பேரும் ஒரே வீடு. ஒரே சாப்பாடு. மண்ணு ஒண்ணுன்னா வித்தியாசம் விதைதானேம்மா? வயல்ல வேலை பாக்கிறவங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?"

நல்ல கேள்வி. பண்ணையில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால், அளவுக்காரி சிரித்துக்கொண்டே வரப்பில் கூட்டிப்போய் ஒழுகும் குழாயைக் காட்டியிருப்பாள். இங்கே அவளுக்குக் குழாய் ஞாபகம் வரவில்லை. ஒரு தாயிடம் உன் வீட்டில் இரண்டு பிள்ளைக்கும் ஒரே சாப்பாடுதானே என்று கேட்டால் அவள் வேறு என்ன சொல்லுவாள்?

"ஒரே வீடுதான் சார். ஒரே அடுப்பு, ஒரே சட்டி" என்றாள் ரோஷத்தோடு. "பிள்ளைங்களுக்குள்ள நான் வித்தியாசம் பாத்ததே இல்ல."

"அதான் சொல்றேன்" என்றார் தேர்வாளர்.

தவளை தன் வாயால் கெடும். அவள் அதைச் சொல்லி முடித்தபோதுதான் எங்கேயோ இடறுவதுபோல் இருந்தது; எங்கே என்று பிடிபடவில்லை. அதற்குள் எழுத்தர் அம்மாள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பதினான்கு கட்டமும் நிரம்ப வேண்டும் என்பது விதி. ஒன்பதாவது கட்டம் உணவு. அதைப் பிள்ளையிடமே நேராகக் கேட்க வேண்டும் என்பதும் விதி.

"இங்க வாம்மா. தினமும் பால் குடிப்பியா?"

"சனிக்கிழமை குடிப்பேன்" என்றாள் கடுகு.

"மத்த நாள்?"

"மத்த நாள் அண்ணன் குடிப்பான். அவன் மாமா வாகு, வளர்ற உடம்பு. நான் அம்மா வாகு. எனக்கு ஊத்தினா வீண்."

வீட்டு விலாசத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். குரலில் குறை இல்லை, புகார் இல்லை.

"முட்டை?"

"ஒருநாள் விட்டு ஒருநாள். மஞ்சள் அண்ணனுக்கு, வெள்ளை எனக்கு. எனக்கு வெள்ளைதான் புடிக்கும்னு அம்மா சொல்லுவாங்க."

வெளியே பெஞ்சில் படுத்திருந்த தகப்பனை எழுப்பும் சத்தம் கேட்டது. கடுகின் அப்பா தன் சட்டையில் இல்லாத தூசியைத் தட்டினார். அவருக்கும் தெரிந்த விஷயம்தான். தினமும் அதே மேசையில் உட்கார்ந்திருக்கிறவர்தானே.

அளவுக்காரி பின்னோக்கி எண்ணிப் பார்த்தாள். எப்போது ஆரம்பித்தது இது? லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு ஐந்து மாதம் வேலை இல்லாமல் இருந்தபோது, ஒரு வேளைப் பால்தான் வாங்க முடிந்தது. பையன் மாதத்துக்கு ஒரு சட்டையைச் சின்னதாக்கிக்கொண்டிருந்தான். வளர்கிறவனுக்கு ஊற்றினாள். பையன் என்பதற்காக ஊற்றியதில்லை. அப்படி யாராவது சொல்லியிருந்தால் அவர்களைச் சும்மா விட்டிருக்க மாட்டாள். நெட்டை என்பதற்காகத்தான் ஊற்றினாள். ஆறாம் மாதம் வேலை வந்தது, பாலும் வந்தது. ஆனால் டம்ளர் அவன் பக்கமே போய்க்கொண்டிருந்தது. கடுகு ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காத பிள்ளைக்கு வேண்டாம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்வது எவ்வளவு சுலபம். கன்னத்தைக் கிள்ளி, "நீ என் வாகுடி" என்று கொஞ்சிக்கொண்டே எட்டு வருஷம் ஓடிவிட்டது.

அவளைப் பெற்றவள் அவளுக்குக் கொடுக்காமல் போனாள் என்றால், சட்டியில் இல்லை. இவள் சட்டியில் இருந்தது.

எழுத்தர் அம்மாள் பேனாவை அந்தரத்திலேயே நிறுத்தியிருந்தாள். "அப்படியே எழுதட்டுமா? இல்ல, தினமும்னு போட்டுடவா?" என்றாள் மெதுவாக. நல்ல மனசு.

"அப்படியே எழுதுங்க" என்றாள் அளவுக்காரி.

எழுதி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு தேர்வாளரைப் பார்த்தாள். கொஞ்சம் முன்பு இருந்த மிடுக்கெல்லாம் போயிருந்தது, கெஞ்சினாள்.

"அப்ப இன்னும் தெளிவாச்சே சார். தப்பு விதையில இல்ல, என்கிட்ட. இங்க சேர்த்துக்குங்க, இங்க சாப்பிட்டா வளருவா. இன்னும் வயசு இருக்கு."

தேர்வாளர் உண்மையாகவே சங்கடப்பட்டார். "தப்புன்னு ஏம்மா சொல்றீங்க? இருக்கிறதை வளரப்போற பிள்ளைக்குத்தானே குடுக்கணும். நாங்களும் பதினாறு வருஷமா அதைத்தான் செய்றோம்." படிவத்தில் முத்திரையை வைத்தார். "இவ வளருவான்னு பதினோரு வருஷமா பெத்தவங்க நீங்களே நம்பல. அரை மணி நேரம் பாத்த நான் எப்படிம்மா நம்பறது?"

அவர் குத்திக்காட்டவில்லை. அப்படிச் செய்திருந்தால் அவளுக்குத் திருப்பிச் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். புத்திசாலியான தாய் என்று பாராட்டுவதுபோலத்தான் சொன்னார்.

பேருந்தில் கடுகு சன்னலோரம் உட்கார்ந்து, பள்ளியின் மதில் மறையும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு நேராக உட்கார்ந்துகொண்டு, "பரவால்லம்மா. நான் குட்டைதானே" என்றாள். கடுகின் அப்பா, "விடும்மா, பால் குடிச்சவனெல்லாம் பனைமரமாவா நிக்கிறான்" என்று மனைவிக்கு ஆறுதல் சொன்னார்.

மாலை ஆறு மணிக்கு, நெட்டை பள்ளியிலிருந்து வந்து மேசையில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தான். கடுகு பந்தைக் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டு வந்து அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று செவ்வாய்க்கிழமை. அளவுக்காரி பாலைக் காய்ச்சி இரண்டு டம்ளரை எடுத்து வைத்தாள். இரண்டிலும் ஊற்றினாள். குனிந்து, கண்ணை விளிம்புக்கு நேராக வைத்துப் பார்த்து, ஒன்றில் ஒரு கரண்டி குறைவாகத் தெரிந்ததும் சேர்த்தாள். இரண்டும் சமமான பிறகு, பிள்ளைகள் முன்னால் வைத்தாள். ஒருநாள் பாலில் எட்டு வருஷம் திரும்பி வராது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

நெட்டை புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் குடித்துவிட்டு டம்ளரை வைத்தான்.

கடுகு தன் டம்ளரைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள், அம்மா செய்த ஒரு சின்னத் தவறைக் காட்டிக்கொடுக்காமல் தானே சரிசெய்து விடுகிற பிள்ளையின் சிரிப்பு.

"மறந்து எனக்கும் ஊத்திட்டீங்கம்மா" என்றாள்.

சொல்லிக்கொண்டே டம்ளரைத் தூக்கி, அண்ணனுடைய காலி டம்ளரில் சாய்த்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் விளிம்புவரை ஊற்றி, அதை அவன் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தாள். அவன் அதையும் எடுத்துக் குடித்தான்.